தெற்கே வழிந்த பால்

அந்தச் சனிக்கிழமை காலை மழை தூறியதா, இல்லையா என்பதில் அதே தெருவில் குடியிருந்த எனக்கு இன்னும் தெளிவில்லை. தூறியது என்றுதான் என் நினைவு. தவமணியோ நல்ல வெயில் என்கிறாள். அவள் கணவர் ஸ்ரீதரனைக் கேட்டால் கையை விரித்துவிட்டுச் சும்மா இருப்பார். ஆனபடியால் வானத்தை விட்டுவிடுவோம். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை. அது தெற்கே வழிந்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மே மாதக் கடைசி. கனடாவில், மோர்னிங்சைட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் தன் மகனுக்கென்று திருப்பிக் கேட்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் சாவியைக் கொடுக்கவேண்டும். மகள் நிலாணி கல்யாணம் முடித்துத் தனியே போய்விட்டாள். தவமணி வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஸ்ரீதரனும் லொறி ஓட்டுவதை நிறுத்தியாயிற்று.

இனி எங்கே என்ற கேள்விக்குத் தவமணி கண்டுபிடித்த விடை, முந்தின வாரம் ரெக்ஸ்டேலில் இருந்து உருண்டு வந்து வீட்டு முன்பாதையான ட்ரைவ்வேயில் நின்றது. எட்வேட் என்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கிய பழைய மோட்டர்ஹோம். அடுப்பு, கட்டில், குளியலறை, சாப்பாட்டு மேசை எல்லாம் உள்ள, சில்லு பூட்டி உருளும் வீடு. கோடை முழுக்க ஏரிக்கரை முகாம் ஒன்றில் இருவருக்கும் பராமரிப்பு வேலை. குளிர் தொடங்கப் புளொறிடா.

"இனி ஒருத்தரும் எங்களை எழும்பு எண்டு சொல்லேலாது," என்று அவள் நிலாணியிடம் சொன்னாள். "எழும்பிறதெண்டால் நாங்களாத்தான் எழும்புவம்."

இன்னொரு விடை பிறம்ரனில் தயாராக இருந்தது. ஸ்ரீதரனின் அக்கா அருள்மலர் தன் வீட்டின் அடித்தளமான பேஸ்மென்றைக் கழுவி, பெயின்ற் அடித்து, புதுக் கட்டில் போட்டு, யன்னலுக்குப் பூப்போட்ட திரையும் தைத்து வைத்திருந்தாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வான்கூவரில். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் சொல்லை ஸ்ரீதரன் ஒருநாளும் தட்டியதில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் தவமணி பேஸ்மென்றுகளில்தான் இருந்தாள். அந்த யன்னல்களில் வானம் தெரியாது. போகிறவர்களுடைய சப்பாத்துத்தான் தெரியும். நீங்கள் சிரித்தால் மேல்வீட்டார் காலால் தட்டுவார்கள். பழகிப்போகும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பழகிப்போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் வண்டியின் பிரிட்ஜ் சதி செய்தது. எட்வேட்டின் முற்றத்தில் ஐஸ் கட்டி நின்ற பிரிட்ஜ், மோர்னிங்சைட்டுக்கு வந்த நாளிலிருந்து குளிரவேயில்லை. ஸ்ரீதரனுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடுகிறவர். மருந்தைக் குளிரில் வைக்க வழியில்லாத வீட்டில் அவர் எப்படிக் குடியிருப்பது?

"நாளைக்குப் பின்னேரத்துக்கிடையிலை உது குளிராட்டி, அக்கா வீட்டை போவம் தவம்," என்றார் வெள்ளிக்கிழமை. மெதுவாகத்தான் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் அது முடிவு.

சனிக்கிழமை காலை அருள்மலர் பிறம்ரனில் இருந்து வந்து இறங்கியபோது, தவமணி மோட்டர்ஹோமின் வாசலில் நிறைகுடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கூத்து?"

"குடிபூரல், மச்சாள். பால் காய்ச்சப்போறம்."

"வாகனத்துக்கோ பால் காய்ச்சிறது? வாகனமெண்டால் சில்லுக்குக் கீழை எலுமிச்சம்பழம் வைக்கிறது. வீடெண்டால் பால். உது எது எண்டு முதல்லை முடிவெடு."

"ரெண்டும்தான்," என்றாள் தவமணி. "எலுமிச்சம்பழமும் வாங்கி வைச்சிருக்கிறன்."

உள்ளே நிலாணி ஏணியில் ஏறி நின்று, புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். "மாமி, சாம்பிராணி போட்டால் இது கத்தும். பிறகு ஃபயர் ட்ரக்தான் வீட்டுக்கு வாற கெஸ்ற்."

அருள்மலர் சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே வந்து, கண்களால் ஒரு சுற்றுச் சுற்றினாள். படுக்கை மூலையில் பலகைகளைப் படிபடியாக அடுக்கி, மேலே சிவப்புத் துணி விரித்து, பிள்ளையாரையும் முருகனையும் லட்சுமியையும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு," என்றாள் தவமணி உடனே.

"இப்ப கிழக்கு. இவன் வளைச்சுத் திருப்பினால்?"

தவமணி கணவர் பக்கம் திரும்பினாள். ஸ்ரீதரன் ஓட்டுநர் ஆசனத்தில் பக்கவாட்டில் இருந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனங்களை அவள் முப்பது வருடமாகப் படித்து வருகிறாள். களைப்பான மௌனம் ஒன்று உண்டு, கோபமான மௌனம் ஒன்று உண்டு. இது எந்தப் பக்கம் சாயலாம் என்று காத்திருக்கும் மௌனம்.

தவமணி புதுச் சருவத்துக்குச் சந்தனம் பூசி, பாலை ஊற்றி அடுப்பை மூட்டினாள். நால்வரும் சுற்றி நின்றார்கள். பால் விளிம்புக்கு ஏறியது. நுரை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு ஒரே பக்கமாக, தெருவை நோக்கிய பின்பக்கமாக, குபுகுபு என்று வழிந்தது.

வீட்டு முன்வாசலும் தெருவும் எந்தத் திசை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தெற்கு," என்றாள் அருள்மலர். குரலில் வெற்றி இல்லை. உண்மையாகவே பயந்துவிட்டாள். "யமன்ரை திசை. தம்பி, நீ பாத்தனிதானே?"

"மாமி, புளொறிடாவும் சவுத்திலைதானே!" என்றாள் நிலாணி. "பாலுக்கு ரூற் தெரிஞ்சிருக்கு."

"வாயை மூடடி. சீனி வருத்தக்காரனைக் கூட்டிக்கொண்டு, பிரிட்ஜ் இல்லாத பெட்டிக்கை போகப் போறியள். சாமியே வேண்டாம் எண்டு சொல்லுது. இதுக்கு மேலை என்ன வேணும்?"

ஸ்ரீதரன் எழுந்தார். அடுப்படியில் வழிந்திருந்த பாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியில் இறங்கி வெளியே போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபடி நின்ற தவமணிக்கு, பூப்போட்ட திரையும் அதற்கப்பால் நகரும் சப்பாத்துகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

துடைப்போம் என்று துணியை எடுத்தாள். துடைக்கவில்லை.

பால் அடுப்பிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து தரைக்கும் இறங்கி, ஒரு கோடு பிடித்தாற்போலப் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லி வைத்ததுபோல. பிரிட்ஜுக்குக் கீழே போய்க் குளமாகித் தேங்கி நின்றது.

பால் தெற்கே போகவில்லை. பள்ளத்துக்குப் போகிறது.

அவள் ஒரு தட்டத்தில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கம் கூடி நின்றது. எதிர்ப்பக்கத்தில் தட்டத்தின் அடி காய்ந்து தெரிந்தது. ட்ரைவ்வே தெருவை நோக்கி இறங்குகிறது. எத்தனை மாரிக் குளிரில் அதில் பனி வழித்திருக்கிறாள்! வழுக்கி விழுந்தும் இருக்கிறாள். அது சரிவென்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. தலைக்குத் தெரியவில்லை.

எட்வேட்டின் முற்றத்தையும் நினைத்துப் பார்த்தாள். அதுவும் சரிவுதான். ஆனால் அங்கே இந்த வண்டி பலகைகளின்மேல் நின்றது. ஸ்ரீதரன் அதை இறக்கி ஓட்டியபோது கிழவர் பின்னால் ஓடி ஓடி அந்தப் பலகைகளைப் பொறுக்கி உள்ளே ஏற்றினார். "இதுகளை மறக்காதை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ஏற்றினார். ஸ்ரீதரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுபோல அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினார். பெரியவர் எதையும் எறிய மனமில்லாதவர் போல என்று தவமணி நினைத்தாள். நல்ல கனத்த பலகை. வீணாக்கக் கூடாது என்று...

அவள் திரும்பிச் சாமி மூலையைப் பார்த்தாள்.

"நிலாணி, இஞ்சை வா. பிள்ளையாரைப் பிடி."

"என்னம்மா?"

"பிடி எண்டால் பிடி."

படங்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் இறக்கி, சிவப்புத் துணியை உருவி, மேற்பலகையைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் ரயரின் பல் அடையாளம், அச்சுக் குத்தினாற்போலக் கறுப்பாகப் பதிந்திருந்தது. அடுத்த பலகையிலும் அப்படியே.

வீட்டுக்குள் ஓடி எட்வேட்டுக்குப் போன் எடுத்தாள். பிஸ்கற் தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலம் அதற்குப் போதும். பிரிட்ஜ் குளிரவில்லை என்று தொடங்குமுன்னரே கிழவர், "என்ரை பலகையள் எங்கை?" என்று கேட்டார். கடவுளுக்குக் கீழே என்றாள். மறுமுனையில் கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். அந்தப் பிரிட்ஜுக்குள் மோட்டர் கிடையாது, குழாய்க்குள் மருந்து தானாக ஓடவேண்டும், வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும் என்றார். மட்டமாக நிறுத்து. பின்னேரம்வரை கதவைத் திறக்காதே.

பலகைகளைச் சுமந்துகொண்டு அவள் ட்ரைவ்வேக்கு வந்தபோது அருள்மலர் குறுக்கே வந்து நின்றாள்.

"தவமணி! சாமி வைச்ச பலகையையோ சில்லுக்குக் கீழை போடப்போறாய்?"

"சாமி வர முன்னம் சில்லுக்குக் கீழை கிடந்த பலகைதான் மச்சாள். பாருங்கோ, ரயர் அடையாளம்."

"அது முந்தி. இப்ப சாமி நிண்டிட்டார்."

"அப்ப சாமி நிண்ட பலகையிலை வீடு நிக்கட்டும். அதைவிட அத்திவாரம் வேறை ஆருக்குக் கிடைக்கும்?"

அருள்மலர் குனிந்து ரயர் அடையாளத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுறாய்?"

ஸ்ரீதரன் வேலியோரம் நின்றார். தவமணி வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்குவாரா என்று அந்த ஒரு நிமிடம் அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சாவியை வாங்கினார்.

"பின்சில்லுக்குப் பின்னாலை வையும்," என்றார். "ரெண்டு பக்கமும் ஒரேயளவா இருக்கவேணும்."

லொறி ஓட்டிய கைகள். பின்னுக்கு எடுத்த வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி முனகி, பலகையில் ஏறி, ஒரு பெருமூச்சுடன் நின்றது. நிலாணி தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து கத்தினாள்: "இன்னும் கொஞ்சம் அப்பா! இன்னும்! ஸ்ரொப்!"

தண்ணீர் தட்டம் நிறையப் பரவி, அசையாமல் நின்றது.

ஸ்ரீதரன் காஸைத் திறந்து பிரிட்ஜைப் புதிதாக மூட்டிவிட்டார். தவமணி ஐஸ் தட்டில் தண்ணீர் நிரப்பி மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே இறங்கினாள்.

"அதெதுக்கு?" என்றாள் அருள்மலர்.

"மேற்குப் பக்கச் சில்லுக்கு. ஒரு பொட்டு உயர்த்தினால் போதும். பிரிட்ஜுக்கு ஒண்டும் செய்யாது."

அருள்மலருக்கு விளங்கிவிட்டது: இனிப் பால் நல்ல திசையான கிழக்கே வழியும். "பலகை செருகிக் கடவுளை ஏமாத்தப் பாக்கிறியோ!"

"உங்கடை பிறம்ரன் வீட்டுக் குடிபூரலுக்குச் சருவத்துக்குக் கீழை ஃபொயில் பேப்பரை மடிச்சுச் செருகினது ஆர் மச்சாள்?"

"அது... சருவம் ஆடாமல் இருக்க."

"மேற்குப் பக்கம் மட்டும் செருகினால் ஆடாதோ?"

ஸ்ரீதரன் இருமினார். அது இருமல் அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் சிரிக்கிறார். அருள்மலர் தம்பியை முறைத்தாள். ஆனால் அவளுடைய உதட்டோரமும் சொல்வழி கேட்கவில்லை.

ஸ்ரீதரன் மேற்குச் சில்லை அந்தத் துண்டில் ஏற்றி நிறுத்தினார். இரண்டாம் முறை பால் ஏறியபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. நுரை விளிம்பில் நின்றது, தயங்கியது, பிறகு வாசல் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

"ஈஸ்ற்!" என்று நிலாணி குதித்தாள். "ஈஸ்ற்! ஈஸ்ற்!" வீடு முழுவதும் ஆடியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தவமணி கும்பிடவில்லை. கைகள் அடுப்படி மேடையை இறுகப் பிடித்திருந்தன. இந்த நாட்டில் அவள் எத்தனையோ அடுப்புகளில் பால் காய்ச்சியிருக்கிறாள். தரை எப்படிச் சரிந்திருந்ததோ அப்படித்தான் அது வழிந்தது. அவள் நினைத்த பக்கம் வழிந்தது இன்றுதான்.

ஆனால் உண்மையான பரீட்சை பால் அல்ல. அதை நால்வரும் அறிவார்கள்.

"நான் போகேல்லை," என்றாள் அருள்மலர், பிரிட்ஜுக்கு எதிரே யன்னலோர ஆசனத்தில் சாய்ந்துகொண்டு. "குளிராது. குளிராதெண்டு கண்ணாலை கண்டிட்டு, உங்களைக் கூட்டிக்கொண்டுதான் போவன்."

அப்படியே இருந்தாள். பொங்கிய பாலில் போட்ட தேநீரை அங்கேயே குடித்தாள். வெயில் ஏறியதும் குளிர்ச்சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். நிலாணி ஆவல் தாங்காமல் பிரிட்ஜ் பிடியில் கை வைத்தபோது, "எடடி கையை! திறந்தால் குளிர் போயிடும்," என்று அதட்டியதும் அவள்தான்.

பின்னேரம் முழுவதும் தவமணி வீட்டுக்கும் வண்டிக்குமாகப் பெட்டிகளைச் சுமந்தாள். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் மச்சாள் அதே இடத்தில் இருப்பதைக் கண்டாள். முதலில் பிரிட்ஜைப் பார்த்தபடி. பிறகு யன்னலைப் பார்த்தபடி. அந்த யன்னலில் மேப்பிள் மரம் ஒன்று முழுதாகத் தெரிந்தது. சைக்கிளில் போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை தெரிந்தார்கள். ஒரு சிறுமி கையசைத்தாள். அருள்மலர் சற்று யோசித்துவிட்டுத் தானும் கையசைத்தாள்.

வெயில் சாய்ந்தது. ஸ்ரீதரன் வந்து வாசல்படியில் நின்றார். "பாப்பம்," என்றார்.

தவமணிக்குத் திறக்கத் துணிவு வரவில்லை. அவர் கையும் பிடிக்குப் போகவில்லை. கடைசியில் அருள்மலரே எழுந்தாள். மேற்கதவைத் திறந்து, ஐஸ் தட்டுக்குள் ஒரு விரலை விட்டாள்.

அப்படியே நின்றாள்.

"தோல் பிடிச்சிட்டுது," என்றாள். "ஐஸ் தோல்."

விரலை எடுத்துக் காட்டினாள். நுனியில் மெல்லிய ஐஸ் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அவர்கள் பார்த்திருக்கவே அது கரைந்தது.

நிலாணி தாயைக் கட்டிப்பிடித்தாள். தவமணி அழுதாளா சிரித்தாளா என்று கேட்கவேண்டாம். ஸ்ரீதரன் வீட்டுக்குள் போனார். அருள்மலர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவிடம் 'இல்லை' என்று சொல்லத் தெரியாத மனிதர் இப்போது என்ன சொல்வார் என்று தவமணியும் காத்திருந்தாள்.

அவர் இன்சுலின் போத்தல்களோடு திரும்பி வந்தார். பிரிட்ஜின் கீழ்க்கதவைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்திவைத்தார். கதவைச் சாத்தினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அவ்வளவுதான். அவர் சொல்லவேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

அருள்மலர் மெல்ல மறுபடி அமர்ந்தாள். சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள், அதில் தூசி இல்லாதபோதும்.

"தவமணி."

"சொல்லுங்கோ மச்சாள்."

"உதிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

தவமணி கணவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மேசையை மடிச்சால் இன்னும் ஒராள் படுக்கலாம்."

"ம்," என்றாள் அருள்மலர். நிலாணியின் கணவர் வந்து அவளைப் பிறம்ரனுக்கு ஏற்றிப் போனார்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுச் சாவி கைமாறியது. நிலாணி கையசைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். ஸ்ரீதரனும் தவமணியும் முன்சில்லுக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இருட்டுமுன் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, பலகை போட்டு, வீட்டை மட்டமாக நிறுத்தினார்கள். பிரிட்ஜ் குளிர்ந்தது. சாமிகளுக்குப் புதுப் பலகை வாங்கினார்கள். பிறம்ரன் பேஸ்மென்ற் காலியாகவே இருந்தது.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை மேசையை மடித்துப் பார்த்தபோதுதான், யன்னலோர ஆசனத்தில் அருள்மலரின் குளிர்ச்சட்டை இருப்பதைத் தவமணி கண்டாள். ஒழுங்காக மடித்து, தலையணை வைக்கும் இடத்தில் வைத்திருந்தது. போகும் இடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட மறந்துவிட்டு வராதவள் அருள்மலர்.